பெயரற்றோர் நடுகல்

சங்கப் பாடல்களில் வரும் நடுகற்களைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம், கல்லில் வீரனின் பெயர் பொறிக்கப்பட்டதை மாணவியருக்கு ஒரு செய்தியாகவே சொல்லிவந்தேன். அதன் கனம் எனக்கு விளங்கியது தாய்லாந்தின் காஞ்சனபுரியில்தான்.

பர்மாப் போர்முனைக்குத் தளவாடங்களைக் கடல்வழியே அனுப்புவது ஆபத்தாகிவிடவே, ஜப்பானியப் படை 1942 ஜூன் தொடங்கி 1943 அக்டோபருக்குள் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையைக் காட்டினூடே அமைத்தது. அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர். மாண்டவர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சத்தை ஒட்டியவர். அவருள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு. எண்ணிக்கை அன்று, மதிப்பீடுதான். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கூலி தருவதாக ஆசைகாட்டியும், பின்னர் வலிந்து பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர் அவருள் பெருந்தொகையினர்.

நகரிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் நினைவுகூரப்படுகின்றனர். சீராக வெட்டிய புல், இடையிடையே பூச்செடிகள், வரிசை வரிசையாய்ப் பெயர்கள். இருபத்திரண்டு வயது, இருபத்து நான்கு வயது என்று படித்துக்கொண்டே நடந்தேன்; யாரோ ஒரு தாயின் சொற்கள் ஒரு கல்லில் இருந்தன. அவர்மீது எனக்குப் பொறாமை இல்லை; அவ்விளைஞரும் பட்டினியிலும் வயிற்றுப்போக்கிலும் துடித்து மாண்டவரே. ஆனால் அவர்களிடையே மருத்துவர் இருந்தனர், மறைவாகவேனும் பெயர்ப்பட்டியல் எழுதிய அதிகாரிகள் இருந்தனர். போர் முடிந்ததும் அக்குறிப்புகளைக் கொண்டு புதைகுழிகளைத் தேடினர். 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது தமிழர் குடிசைகளில் மருந்தும் இல்லை, எழுதுகோலும் இல்லை.

பாலத்தருகே வேறொரு நினைவுச் சின்னம் உள்ளது. 1944இல், போர் முடியுமுன்பே, ஜப்பானியப் படையே எழுப்பியது. அதிலுள்ள பன்மொழிப் பலகைகளில் ஒன்று தமிழ்ப் பலகை. அயலூரில் தமிழெழுத்தைக் கண்டால் மகிழ்வது நம் இயல்பு. அன்று எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. சாகும்வரை வேலை வாங்கியவர்க்கு, இறந்தவர் எம்மொழியினர் என்பது தெரிந்திருக்கிறது; பெயர்தான் தேவைப்படவில்லை.

மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' புதினத்தை நம் பாடத்திட்டங்கள் இன்னும் போதிய அளவு ஏற்கவில்லை என்பது என் நெடுநாள் குறை. கல்லாக ஒன்று நிற்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு, காஞ்சனபுரியின் தாவோன் வராராம் கோயில் வளாகத்தில், அப்பாதையில் மடிந்த தமிழருக்கு நடுகல் நாட்டப்பட்டது. நடுகல் என்றே அதற்குப் பெயரிட்டிருப்பது பொருத்தம். எனினும் ஒரு பெயரையும் இழந்துவிட்ட பல்லாயிரவருக்கு ஒரே கல். புறத்திணை இலக்கணம் இப்படியொன்றை எதிர்பார்த்திருக்காது.

என் பாட்டியின் அண்ணன் 1937இல் மலாயாத் தோட்டத்துக்குப் போனவர். 1941 இறுதியோடு கடிதம் நின்றுபோயிற்று. இறந்த திதி தெரியாததால் ஆடி அமாவாசையன்றே அவருக்கும் எள்ளும் நீரும் இறைத்தார்கள். உயிரோடிருந்தால் என்ன ஆவது என்று பாட்டி ஒவ்வோராண்டும் அழுவாராம். அவர் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டார் என்பதற்கு என்னிடம் சான்றில்லை. போயிருந்தாலும் சான்று எஞ்சியிருக்காது. அந்நடுகல்லின் முன் நின்று அவர் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன்.