நன்னன் மலையும் நரம்பின் உரிமையும்

கவிதையை மனத்தில் வைத்துக்கொண்டு, சொல் எதுவும் இல்லாமல், தனி ஒரு செல்லோவில் அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பது மேற்கின் புதுமோகம் என்று ஒதுக்குவோர் உண்டு. கருவி மேற்கத்தியதுதான். வழக்கம் அப்படியல்ல என்பதற்கு ஜவ்வாது மலையடியிலேயே சாட்சி இருக்கிறது. அம்மலையில் பிறக்கும் செய்யாறு செங்கத்தைத் தொட்டு ஓடுகிறது. செங்கம் சங்ககால நன்னனின் ஊர். அவன்மீது பெருங்கௌசிகனார் பாடிய, 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் அரசனை விட்டுக் கருவிகளில் தொடங்குகிறது. முழவு, ஆகுளி, தூம்பு, குழல், எல்லரி, பதலை என்று மளமளவென அடுக்கிக்கொண்டு வரும் பாட்டு, பேரியாழிடம் வந்ததும் நின்று நிதானிக்கிறது. ஓசை பார்த்துத் தேர்ந்த நரம்பு, வரகுக் கதிர் போன்ற நுண்துளை, புதிதாகப் போர்த்த பொன்னிறத் தோல் என ஒவ்வொன்றாகச் சொல்கிறது. (தானியம் விளையும் மலைநாட்டில் வேறு உவமை எதற்கு!)

இன்னும் முக்கியமான இடம் பாட்டின் பிற்பகுதியில் வருகிறது. சீறியாழில் மருதப் பண் அமைகிறது. விறலியர் குரல் நரம்பின் ஓசையை மீறாமல் அதனோடு ஒன்றிப் பாடுகிறது. மரபுப்படி கடவுளை வாழ்த்திய பிறகு புதிய பாட்டுகள் வருகின்றன. ஆக, எல்லை வகுத்தது நரம்பு. பழையதை முடித்தபின் புதியதற்கும் அவையில் இடம் இருந்தது.

‘அங்கே குரல் இருக்கிறதே, அது தனிக்கருவி இசை ஆகுமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சிலப்பதிகாரத்தின் கானல் வரி, பாட்டுக்கு முன்னரே வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் முதலான எட்டு இசைக்கரணங்களைச் சொல்கிறது. சொல் வருமுன் விரல் தானே தேடிப் பார்க்கும் நேரம் அது. ‘புதிய பாட்டு முன்பே கட்டியதாக இருக்கலாமே’ என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதை முழுதாகத் தள்ள முடியாது. என்றாலும் பண் என்ற சட்டகத்துக்குள் இயங்கிய கலைஞன் மனப்பாடத்தை மட்டும் ஒப்பித்தான் என்று நம்புவதும் கடினம். நரம்பு குரலுக்குக் கீழ்ப்பட்டது பின்னால் நடந்தது என்பதே என் கணிப்பு. திருத்தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழுக்குள் அடங்கவில்லை என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் கதை, பக்தி காலம் தந்த தீர்ப்பு. யாழும் பிறகு வழக்கொழிந்தது. விபுலானந்தர் 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டு அதன் இலக்கணத்தை மீட்க வேண்டியதாயிற்று.

யாழ் மீட்டுவது, செல்லோ வில்லால் இழுப்பது. இந்த வேறுபாடு பெரிது. ஆனால் வில்லால் வாசிக்கும் வயலினை நாம் 200 ஆண்டுகளாக நம்முடையதாக வைத்திருக்கிறோம். டெல்லியில் சாஸ்கியா ராவ், செல்லோவைச் சிறிதாக்கி, வாசிக்க ஐந்து தந்திகளும் அதிர்வதற்குப் பத்துத் தந்திகளும் பூட்டி, தரையில் அமர்ந்து இந்துஸ்தானி ராகம் வாசிக்கிறார். கவிதையைத் தேடும் செல்லோக் கலைஞர்கள் முதலில் மலைபடுகடாத்தைக் கையில் எடுக்கட்டும்.