உறைபெட்டியும் அதன் விதிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே ஆட்டிறைச்சியை வாங்கி ஐஸ் பெட்டியில் இட்டுவைப்பது இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல இல்லங்களில் காணக்கூடிய வழக்கமாகும். உறுப்பினர் மிகுந்த குடும்பங்களிலும், சிற்றுண்டிக் கடை நடத்துவோர் வீடுகளிலும், சாதாரணக் குளிர்பதனப் பெட்டி போதாமல், மூடியை மேலே தூக்கித் திறக்கும் நீண்ட பெட்டி ஒன்றும் இடம் பெற்றுவிட்டது. பிரீசர் என வழங்கும் அதனை நாம் இங்கு உறைபெட்டி என்போம்.

அப்பெட்டியுடன் சிறு புத்தகம் ஒன்றும் வருகிறது. பனியைக் கத்தியால் சுரண்டாதீர். சாவியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பீர். ஒரே நாளில் அளவுக்கு மீறி உணவை நிரப்பாதீர். உருகிய உணவை மறுபடியும் உறைய வைக்காதீர் என்றெல்லாம் அதில் விதிகள் காணப்படும். பெரும்பாலோர் அதனைப் படியாமலே மேசை இழுப்பறையில் போட்டுவிடுகின்றனர். ஆயின் அவ்விதிகளுள் பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சிலவற்றின் பின்னால் உயிர்ச்சேதமும் உண்டு. அவ்வரலாற்றைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கப்பலில் வந்த குளிர்

வெப்ப நாடுகளில் குளிர் என்பது முதன்முதலில் ஒரு வாணிகச் சரக்காகவே வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றி விற்க முனைந்தார். 1806-ஆம் ஆண்டில் மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பிய முதற்கப்பலால் அவருக்கு நட்டமே மிஞ்சியது. எனினும் அவர் தளரவில்லை. 1833-இல் அவருடைய பனிக்கட்டி கல்கத்தாவை அடைந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-இல் அதற்கெனவே ஒரு கட்டடம் எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என மக்கள் அழைத்த அக்கட்டடத்தில்தான், பனிக்கட்டி வாணிகம் ஓய்ந்த பின், 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றுள்ளது.

சிங்கப்பூரிலும் 1854-இல் ஒரு பனிக்கட்டிக் கிடங்கு அமைந்தது. வாம்போவா என்னும் பெயரால் புகழ்பெற்ற ஹூ ஆ கே என்ற சீன வணிகர், கில்பர்ட் ஆங்கஸ் என்பாருடன் கூட்டுச் சேர்ந்து அதனை நடத்தினார். அமெரிக்காவிலிருந்து பனிக்கட்டி தருவித்த அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை.

மேனாட்டு வீடுகளில் அந்நாளில் ஐஸ் பெட்டி எனப்பட்டது மரத்தாலான ஓர் அலமாரியே. உட்புறம் தகரமோ துத்தநாகமோ வேய்ந்திருக்கும். மேலறையில் பனிக்கட்டியை வைப்பர். உருகிய நீர் கீழிருக்கும் தட்டில் சொட்டும். மின்சாரப் பெட்டி வந்த பின்னும் நம்மவர் நாவில் ஐஸ் பெட்டி என்ற பெயரே நிலைத்துவிட்டது. அப்பழைய பெட்டியால் உணவைக் குளிர்விக்க முடிந்ததேயன்றி உறைய வைக்க முடியவில்லை. அதற்கு இயந்திரம் தேவைப்பட்டது.

வீட்டுக்குள் புகுந்த நஞ்சு

ஒரு திரவம் ஆவியாகும்போது சூழ்ந்துள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஆவியை மீண்டும் அழுத்தித் திரவமாக்கினால், உறிஞ்சிய வெப்பத்தை வெளியே விட்டுவிடும். இந்த எளிய உண்மையே குளிர்பதன இயந்திரத்தின் அடிப்படை. பெட்டியின் உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே தள்ளுவதே அதன் வேலை என்பதால், வெப்பம் வெளியேறப் பெட்டியைச் சுற்றி இடம் வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் அழுத்தும் பொறி ஓயாமல் உழைத்துச் சூடேறும், மின்கட்டணம் ஏறும், பெட்டியின் ஆயுளும் குறையும்.

இவ்வாறு ஆவியாகித் திரும்பும் பொருளாக 1920-களில் வீட்டுப் பெட்டிகளில் பயன்பட்டவை கந்தக டையாக்ஸைடு, மெத்தில் குளோரைடு, அம்மோனியா போன்றவை. மூன்றும் நச்சுத் தன்மை உடையவை. கந்தக டையாக்ஸைடு கசிந்தால் அதன் கார நெடி எவரையும் எழுப்பி வெளியே துரத்திவிடும். மெத்தில் குளோரைடோ அவ்வளவாக மணம் அற்றது. உறங்குவோர் அறியாமலே அவர் உயிரைக் குடிக்கவல்லது. 1929-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் இவ்வாறு பலர் மாண்டனர்.

பெர்லின் நகரில் ஒரு குடும்பமே இத்தகைய கசிவால் இறந்த செய்தியை நாளிதழில் படித்து மனம் நொந்துதான் அறிஞர் ஐன்ஸ்டைன், தம் நண்பர் லியோ சிலார்டு என்பாருடன் சேர்ந்து, அசையும் உறுப்புகளும் கசியும் இணைப்புகளும் இல்லாத குளிர்பதனப் பெட்டியை அமைக்க முனைந்தார் என்பர். 1926 முதல் சில ஆண்டுகள் உழைத்து அவ்விருவரும் பல காப்புரிமைகள் பெற்றனர். ஆயினும் அவர்கள் கண்ட பெட்டி கடைவீதிக்கு வரவில்லை.

அதற்குள் வேறொரு தீர்வு பிறந்தது. 1930-இல் அமெரிக்க இரசாயனக் கழகத்தின் கூட்டத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பார், தாம் கண்டறிந்த புதிய வாயுவைத் தாமே மூச்சில் இழுத்து, ஊதி, எரியும் மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். அது நஞ்சன்று, தீப்பற்றுவதும் அன்று என்பதைக் கண்ணெதிரே மெய்ப்பிக்கவே அவ்வாறு செய்தார். பிரியான் என்ற பெயரில் இவ்வகை வாயுக்கள் உலகெங்கும் பரவின. வீட்டுக்குள் குளிர்பதனப் பெட்டியை அச்சமின்றி வைக்க வழி பிறந்தது.

விரைவில் உறைவதே சிறப்பு

உணவை உறைய வைக்கும் கலையில் புதுவழி கண்டவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்னும் அமெரிக்கர். 1912-இல் கனடாவின் வடகிழக்கே லாப்ரடார் பகுதிக்குச் சென்ற அவர், அங்குள்ள பழங்குடியினர் கடுங்குளிரில் பிடித்த மீன் நொடியில் உறைவதையும், பல மாதம் கழித்துச் சமைத்தபோதும் அதன் சுவை குன்றாதிருப்பதையும் கண்டார். மெதுவாக உறையும்போது உணவின் நீர் பெரிய பனிப்படிகங்களாகி அதன் நுண்ணறைகளைக் கிழித்துவிடும். விரைந்து உறைந்தால் படிகங்கள் சிறியனவாகவே அமையும். இவ்வுண்மையைக் கொண்டு அவர் அமைத்த முறையில் உறைந்த உணவுகள் 1930 மார்ச்சு மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் விற்பனைக்கு வந்தன.

நம் சமையலறைக்கும் இவ்வுண்மை பொருந்தும். பத்து கிலோ இறைச்சியை ஒரே மூட்டையாக உறைபெட்டியில் இட்டால் அதன் நடுப்பகுதி உறைய நெடுநேரம் ஆகும். ஒரு வேளைச் சமையலுக்குப் போதுமான அளவில், தட்டையான சிறு பொட்டலங்களாக்கி, காற்றை வெளியேற்றிக் கட்டி, பெட்டியின் சுவரை ஒட்டி வைத்தல் நன்று. ஒரு நாளில் எத்தனை கிலோ உறைய வைக்கலாம் என்பதும் பெட்டியின் தகட்டிலோ புத்தகத்திலோ குறிக்கப்பட்டிருக்கும். பொட்டலத்தில் காற்றுப் புகுந்தால் இறைச்சியின் ஈரம் மெல்ல ஆவியாகி, மேற்புறம் வெளுத்து வறண்டுவிடும். அதனால் கெடுதி இல்லை. சுவை மட்டும் போய்விடும்.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தையும் களைதல் வேண்டும். குளிர் கிருமிகளைக் கொன்றுவிடும் எனப் பலர் கருதுகின்றனர். உண்மை அஃதன்று. பூச்சியம் டிகிரிக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் குளிரில் கிருமிகள் பெருகமாட்டா. ஆயின் பெரும்பாலானவை சாவதும் இல்லை. அவை உறங்குகின்றன எனலாம். இறைச்சியைக் காலையில் எடுத்துச் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குச் சென்றால், நம் நாட்டு வெப்பத்தில் அதன் மேற்பகுதி முதலில் உருகி, அங்கே கிருமிகள் விழித்துப் பெருகத் தொடங்கும். எனவே முதல் நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக விடுதலே முறை. அவ்வாறு உருகியதை மீண்டும் உறைய வைத்தால் சுவை குறையுமேயன்றித் தீங்கில்லை. வெளியே வைத்து உருகியதை மறுபடியும் உறைய வைத்தல் கூடாது.

மின்சாரம் நின்றுவிட்டால் முதற்கடமை மூடியைத் திறவாதிருத்தல். நிறைந்த உறைபெட்டி திறவாதிருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். குளிர்ந்த காற்று கனமானது. மேல்மூடிப் பெட்டியில் அது கீழேயே தங்கிவிடும். வெள்ளக் காலத்தில் மின்சாரம் துண்டிக்கப்படும் ஊர்களில் வாழ்வோர் இதனை நினைவிற் கொள்க. மின்சாரம் மீண்டதும் பொட்டலத்தில் பனித்துகள் எஞ்சியிருந்தால் மறுபடியும் உறைய விடலாம். முழுதும் உருகி வெதுவெதுப்பாகிவிட்டதை முகர்ந்து பார்த்து முடிவு செய்தல் தவறு. கெட்ட உணவு எல்லாம் நாறுவதில்லை.

திறவாத கதவு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க இல்லங்களில் குளிர்பதனப் பெட்டியும் உறைபெட்டியும் பெருகின. அந்நாளையக் கதவுகளில் வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய தாழ் இருந்தது. பழைய பெட்டிகளைக் கொல்லையிலும் குப்பைமேட்டிலும் வீசினர். ஒளிந்து விளையாடும் குழந்தைகளுக்கு அவை நல்ல மறைவிடமாகத் தோன்றின. உள்ளே புகுந்து கதவை இழுத்தால் தாழ் விழுந்துவிடும். குளிரைக் காக்க அமைத்த தடித்த சுவர் கூக்குரலை வெளியே விடாது; காற்றையும் உள்ளே விடாது. இவ்வாறு எத்தனையோ குழந்தைகள் இறந்தனர். பெற்றோர் ஊரெங்கும் தேடிக்கொண்டிருக்க, குழந்தை வீட்டுக் கொல்லையிலேயே மூச்சடைத்துக் கிடந்த கொடுமையை என்னென்பது!

1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் அமெரிக்காவில் குளிர்பதனப் பெட்டிப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவு உள்ளிருந்தும் திறக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். ஆனால் ஒரு குழந்தையால் எவ்வளவு விசையுடன் தள்ள முடியும்? இதனை அறிய, 2 முதல் 5 வயதுள்ள 201 குழந்தைகளைக் கொண்டு, பெட்டி போன்ற அறையில், தக்க கண்காணிப்புடன் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 1958-இல் வெளிவந்தன. சில குழந்தைகள் கதவைத் தள்ளி வெளிவந்தன, சில கதறின, சில எம்முயற்சியும் செய்யாமல் அமர்ந்திருந்தன. 15 பவுண்டு விசையில் கதவு திறக்க வேண்டும் என விதி வகுக்கப்பட்டது. 1958 அக்டோபர் இறுதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. தாழ் மறைந்து, கதவின் ஓரத்தில் காந்தப் பட்டை வந்தது. இன்று நாம் விரலால் இழுத்துத் திறக்கும் கதவு அக்குழந்தைகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்றது.

உறைபெட்டியைப் பொறுத்தவரை இவ்விடர் இன்னும் முற்றும் நீங்கவில்லை. அதன் மூடி கனமானது. உள்ளே விழுந்த குழந்தை அதனை மேல்நோக்கித் தூக்க வேண்டும். பலவற்றில் பூட்டும் உண்டு. ஆகவே பூட்டி, சாவியைப் பெட்டியிலேயே விடாமல் எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். பயன் முடிந்த பெட்டியை வெளியே வைக்குமுன் மூடியைக் கழற்றிவிடுதல் எல்லாவற்றினும் முதன்மையான கடமையாகும்.

நன்மையில் விளைந்த தீமை

நஞ்சற்றது எனக் கொண்டாடிய பிரியானும் குறையற்றதன்று என்பது பின்னரே தெரிந்தது. 1974-இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்டு ஆகிய இரு அறிஞர்கள், இவ்வகை வாயுக்கள் வானில் மிக உயரே சென்று, கதிரவனின் கடுங்கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என எடுத்துக் காட்டினர். 1987-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை பிறந்தது. உலக நாடுகள் அவ்வாயுக்களைப் படிப்படியாகக் கைவிட்டன.

இன்றைய வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் வாயு பயன்படுகிறது. அது ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயின் தீப்பற்றக் கூடியது. அளவு சிறிதே எனினும் கவனம் வேண்டும். மேல்மூடி உறைபெட்டியில் வாயு ஓடும் குழாய்கள் பெரும்பாலும் உட்சுவரின் பின்னாலேயே அமைந்துள்ளன. பனியைக் கத்தியால் கொத்தினால் குழாய் ஓட்டையாகி வாயு கசியும். பெட்டியும் பயனற்றுப் போகும். பனி அரை சென்டிமீட்டர் கனத்தை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்தி, உணவை வேறிடம் மாற்றி, மூடியைத் திறந்து வைத்துத் தானே உருக விடுக. வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைத்தால் விரைவில் உருகும். எஞ்சியதை மரக்கரண்டியால் அகற்றலாம். பின்னர் நன்கு துடைத்து உலர்த்திய பின்னரே மின்சாரத்தை இணைத்தல் வேண்டும்.

பனிக்கட்டியைக் கடல் கடந்து வரவழைத்த காலம் மறைந்து, நினைத்த பொழுதில் நீரை உறைய வைக்கும் காலத்தில் வாழ்கிறோம். அறிவியல் ஓரிடரை நீக்கியபோது மற்றோர் இடர் தோன்றியதையும், அதனையும் கண்டறிந்து மனிதர் திருத்தியதையும் மேலே கண்டோம். அத்திருத்தங்களின் சுருக்கமே அச்சிறு புத்தகத்தில் உள்ளது. இழுப்பறையில் கிடக்கும் அதனை இன்று ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு, உறைபெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்றும் பார்த்துவிடுவோமாக.