பனிமலைப் பங்கின் பலிபீடம்: அஸ்ஸி ஆலயத்தின் கட்டடமும் வழக்கும்

பிரான்சின் கிழக்கு எல்லையில், ஓத்-சவ்வா மாவட்டத்தின் பஸ்ஸி ஊராட்சிக்கு உட்பட்டு, மோன் பிளாங்க் சிகரத்தை எதிர்நோக்கியபடி ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் ஒரு மலைத்திட்டு இருக்கிறது. பெயர் அஸ்ஸி. இத்தாலியின் அசிசியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்குள்ள சகல அருள் அன்னை ஆலயம் 1937இல் தொடங்கி 1946இல் கட்டி முடிக்கப்பட்டது. 1950 ஆகஸ்ட் 4 அன்று அர்ச்சிக்கப்பட்டது. கலை வரலாற்று நூல்களில் இதற்கு நிலையான ஓர் இடம் உண்டு. லெஜே, மத்தீஸ், பொனார், ரூஓ, பிராக், ஷகால், லிப்ஷிட்ஸ் என்று பெயர்களை அடுக்கிவிட்டு, 'நவீன ஓவிய அருங்காட்சியகம் போன்ற ஆலயம்' என்று முடித்துவிடுவார்கள். பாராட்டுபவர்களும் பழிப்பவர்களும் இந்த ஒரு விவரிப்பில் ஒத்துப்போகிறார்கள். அஸ்ஸி முதலும் முடிவுமாக ஒரு கிராமப் பங்கின் ஆலயம் என்பது இக்கட்டுரையின் கருத்து. அதன் கூரையும் கலையும், அதைச் சுற்றி எழுந்த பெருஞ்சண்டையும் அந்தப் பங்கின் மக்கள் யார் என்பதையும், சவ்வாப் பள்ளத்தாக்குகளின் பழைய ஆலய வழக்கத்தையும் வைத்துப் பார்த்தால்தான் பொருள்படும்.

மக்களிடமிருந்து தொடங்குவோம். முதல் உலகப்போருக்குப் பின் இம்மலைத்திட்டு காசநோய்க்கான சிகிச்சை நகரமாக மாறியது. சானடோரியம் என்ற சொல் தாம்பரத்து ரயில் நிலையப் பெயராக நமக்குப் பழகியதுதான். அஸ்ஸியிலோ ஊரே சானடோரியங்களால் ஆனது. 1926இல் ப்ரா-கூத்தான், 1930களில் ரொக்-தே-ஃபீ, கெப்ரியான், இராணுவத்தினருக்கான மர்த்தேல் த ஜான்வீல் என்று அடுத்தடுத்து எழுந்தன. மேரி கியூரி 1934 ஜூலை 4 அன்று இறந்தது இங்குள்ள சான்செல்மோஸ் மருத்துவமனையில்தான். காசநோய்க்கு அன்று பயன்தரும் மருந்து கிடையாது. வெயிலும் மலைக்காற்றும் ஓய்வும் நல்ல சாப்பாடுமே மருத்துவம். மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், சாய்வு நாற்காலியில் படுத்துக் கிடந்தார்கள். குணமாவோமா என்று தெரியாத இம்மக்களுக்குத் திருப்பலி காணத் தகுந்த ஆலயம் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர் சான்செல்மோஸின் ஆன்ம குரு அருள்தந்தை ழான் தெவெமி. ஆலயம் எழக் காரணம் கலை ஆர்வம் அன்று, நோயாளிகளின் எண்ணிக்கை.

கட்டடக் கலைஞர் மொரீஸ் நொவாரினா, அதே சவ்வா மண்ணின் தோனோன் ஊரில் 1907இல் பிறந்தவர். அகன்று சரிந்து இறங்கும் இருபக்கக் கூரை, அதைத் தாங்கும் உள்ளூர்க் கல்லாலான பருத்த முகப்புத் தூண்கள், பக்கத்தில் உயர்ந்து நிற்கும் மணிக்கோபுரம் என்று அவர் அமைத்த உருவம், மலைநாட்டு மரவீட்டைப் பெரிதாக்கி வைத்தது போலிருக்கும். உள்ளே தூண் வரிசைகள், பக்கக் கூடங்கள், பீடத்தின் பின்னால் அரைவட்டச் சுவர், கீழே ஒரு நிலவறைக் கோயில். மேலே மர விட்டங்கள். கூடம் தாழ்வானது, வெளிச்சம் குறைவு. இந்த மங்கலைப் பலரும் குறையாகச் சொல்வார்கள். ஆனால் சுற்றியிருந்த சானடோரியங்களை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும். போல் அப்ரஹாமும் ஆன்ரி-ழாக் ல மெமும் வடிவமைத்த அந்த மருத்துவமனைகள் அன்றைய புத்தம் புதிய கட்டடங்கள்: தட்டைக் கூரை, சிமென்ட் கான்கிரீட், அறைதோறும் வெயிலை நோக்கித் திறந்த திண்ணை. அவற்றில் நவீனம் என்பது மருத்துவக் கட்டாயம். நாள் முழுதும் மருத்துவர் சொன்னபடி வெளிச்சத்தில் கிடந்தவர்களுக்கு, ஆலயம் ஒரு கூரையையும் நிழலையும் கொடுத்தது. நொவாரினா இதை எண்ணியே செய்தார் என்று நான் வாதிடவில்லை. வெளிச்சமும் தட்டைக் கூரையும் நோயின் அடையாளமாகிவிட்ட ஓர் ஊரில், மரமும் கல்லும் நிழலும் என்ன பொருள் தந்திருக்கும் என்பதே கேள்வி.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். நொவாரினா தோனோனை அடுத்த வோன்ஜியிலும் பள்ளத்தாக்கின் அடியிலுள்ள ல ஃபயேயிலும் இதற்கு முன்பே ஆலயங்களுக்கு வரைபடம் போட்டவர். வட்டார மரபைப் புதுக்கட்டுமானத்தோடு சேர்ப்பது அவர் கைப்பழக்கம். எனவே அஸ்ஸியின் கூரைக்கும் நோயாளிகளுக்கும் தொடர்பில்லை. மறுப்பின் முதற்பாதி சரி. கூரை நோயாளிகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஆனால் வட்டார மரபு என்று சொல்லிவிட்டு அந்த மரபு எது என்று கேட்காமல் நகர்வதுதான் சிக்கல். மரவீட்டுச் சாயல் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு. அதைவிட ஆழமான ஒரு வழக்கம் இப்பள்ளத்தாக்குகளின் ஆலயங்களுக்கு இருக்கிறது.

ஜெனீவா கால்வினின் நகரமானதும் அதன் கத்தோலிக்க ஆயர்கள் அன்சி நகரில் தங்க நேர்ந்தது. 1602இல் ஆயரான புனித பிரான்சிஸ் சலேசியார் அவர்களில் புகழ்பெற்றவர். சவ்வாவின் தோரன் ஊரில் பிறந்தவர். சீர்திருத்த சபையின் வெற்றுச் சுவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கத்துக் கிராமங்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் தங்கள் ஆலயங்களை பரோக் பாணியில் புதுக்கின. கொம்ப்லூ, லே கொன்தமீன், சேன் நிக்கொலா த வெரோஸ் போன்ற ஊர்களின் ஆலயங்கள் இவ்வகை. வெங்காயக் குமிழ் மணிக்கூண்டை ஒதுக்கிவிட்டால் வெளியே எளிய சுண்ணாம்புச் சுவரும் பனி வழிந்து விழும் பெருங்கூரையும்தான். கதவைத் திறந்தால் பொன்முலாம் பூசிய பீடமாடம், முறுக்குத் தூண்கள், வண்ணச் சுரூபங்கள், எங்கும் ஒளி. இந்த உள்ளலங்காரத்தில் பெரும்பகுதி உள்ளூர்க்காரர் கைவேலை அல்ல. இத்தாலியின் வல்சேசியா போன்ற பகுதிகளிலிருந்து மலைகடந்து வந்த கைவினைஞர்கள் செய்தது. சவ்வாக் கிராமத்தான் குளிர்காலத்தில் ஊர் ஊராகப் பிழைக்கப் போனான். சம்பாதித்ததில் ஒரு பங்கை ஊர்க்கோயிலுக்குத் தந்தான். பீடமாடம் வெளியூர் வல்லுநன் கையால் உருவானது.

அஸ்ஸியின் மீது சொல்லப்படும் முதன்மைக் குற்றச்சாட்டு ஒருமையின்மை. அடக்கமான மலைக்கட்டடம் ஒரு பக்கம், அதனோடு ஒட்டாத பாரிஸ் ஓவியர்களின் வேலைகள் மறுபக்கம் என்பார்கள். ஆனால் வெளியே அடக்கமும் உள்ளே வெளியூர்க் கையின் பளபளப்பும் இம்மலையில் முந்நூறு ஆண்டுப் பழக்கம். பீடத்தின் பின்சுவரை நிறைக்கும் ழான் லூர்சாவின் நெய்த திரை, திருவெளிப்பாட்டில் வரும் கதிரவனை ஆடையாக அணிந்த பெண்ணையும் அரக்கப் பாம்பையும் காட்டுவது. அது நிற்கும் இடம் பழைய பொன் பீடமாடம் நின்ற இடமேதான். வேலையும் அதே: மங்கலான கூடத்தின் கோடியில் கண்ணை இழுத்து நிறுத்துவது. இந்த ஒப்பீட்டுக்கு அடங்காத ஒன்று உண்டு. மாதா மன்றாட்டுமாலையின் அடையாளங்களை வைத்து பெர்னாண்ட் லெஜே அமைத்த முகப்பு மொசைக், கட்டடத்தின் வெளியிலேயே உரக்கப் பேசுகிறது. தூண்களின் நிழலுக்குள் அது சற்று அடங்குகிறது என்று சமாதானம் சொல்லலாம். எனக்கே அது முழு நிறைவு தரவில்லை.

அடுத்த மறுப்பு வலுவானது. கலைஞர்களைத் தேர்ந்ததற்குப் பின்னால் இருந்தவர் டொமினிக்கன் துறவி மரி-அலேன் கூத்தூரியே. புனிதக் கலைக்கான ஓர் இதழை நடத்தியவர். விசுவாசமில்லாத மேதை, மேதைமையில்லாத விசுவாசியைவிட ஆலயத்துக்கு நல்லது என்று வெளிப்படையாகச் சொன்னவர். பாரிஸ் அறிவாளியின் கொள்கைக்கு அஸ்ஸி சோதனைச்சாலை ஆனது, நோயாளிகள் வெறும் சாக்கு என்கிறது இவ்வாதம். கூத்தூரியே இல்லாமல் மத்தீஸும் பிராக்கும் இங்கே வந்திருக்க மாட்டார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் யார் வரைந்தார்கள் என்பது ஒரு கேள்வி, எதை வரைந்தார்கள் என்பது இன்னொன்று. 1939இல் பாரிஸ் கண்காட்சியொன்றில் தெவெமி கண்டு, தன் ஆலயத்துக்கென்று கேட்டது ரூஓவின் வண்ணக் கண்ணாடிகளை. ரூஓ வழியாக இங்கே வந்தவர்கள் அவமதிக்கப்பட்ட கிறிஸ்துவும், அவர் முகம் துடைத்த வெரோனிக்காவும். பொனார் வரைந்த சலேசியார் இறையியல் அறிஞராகவோ ஆயராட்சி செய்பவராகவோ தோன்றவில்லை. நோயாளிகளுக்கு ஆசி வழங்குகிறார். நிலவறையின் இராவுணவு ஓவியத்தை வரைந்த லதிஸ்லாஸ் கிஜ்னோ இந்த மலையிலேயே காசநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். மத்தீஸின் சாமிநாதர், பிராக்கின் மீன் பொறித்த நற்கருணைப் பேழைக் கதவு ஆகியவற்றில் நோயின் சுவடு இல்லை என்பதும் உண்மைதான். எல்லாவற்றையும் ஒரே நூலில் கோக்க வேண்டியதில்லை. முக்கியமான இடங்களில் பொருளை முடிவு செய்தது மருத்துவமனைக் குருவின் அனுபவம் என்பது போதும்.

இவ்விரு வாதங்களும் ஒன்றாக மோதிய இடம் சிற்பி ஜெர்மேன் ரிஷியேயின் பாடுபட்ட சுரூபம். பெரிய பலிபீடத்துக்கென்று வெண்கலத்தில் வார்க்கப்பட்ட சிறிய உருவம் அது. தனியே சிலுவை கிடையாது. விரிந்த கைகளே சிலுவையாகிவிடுகின்றன. முகம் தெளிவில்லை. உடல் அரிக்கப்பட்ட மரக்கட்டை போலிருக்கும். பார்வைக்கேற்ற அழகில்லாத துன்புறும் ஊழியனைப் பற்றி எசாயா 53ஆம் அதிகாரம் சொல்வதே அதன் அடிப்படை. 1951 ஜனவரியில் தெவெமி ஆன்ஜே நகரில் இவ்வாலயம் பற்றி உரையாற்றப் போனார். அங்கிருந்த பழமைவாதக் கத்தோலிக்கர் எதிர்த்தார்கள், துண்டறிக்கை அச்சிட்டுப் பரப்பினார்கள். அதே ஆண்டு வசந்தத்தில் அன்சி ஆயர் செஸ்ப்ரோன் சுரூபத்தை அகற்றச் சொன்னார். அகற்றப்பட்டது.

இந்நிகழ்வைக் கலைக்கும் சபைக்கும் நடந்த சண்டை என்றே பொதுவாக எழுதுகிறார்கள். அந்த விளக்கம் ஓர் எளிய கேள்வியில் தடுமாறுகிறது: ஏன் இந்த ஒன்று மட்டும்? லெஜே கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், லூர்சாவும் அப்படியே. கம்யூனிஸ்டுகளைச் சபைக்குப் புறம்பாக்கும் வத்திக்கான் ஆணை 1949 ஜூலையிலேயே வந்துவிட்டது. இருந்தும் முகப்பிலிருந்து ஒரு மொசைக் துண்டும் பெயர்க்கப்படவில்லை. பீடத்தின் பின்திரையும் அவிழ்க்கப்படவில்லை. கலைஞரின் கொள்கை பிரச்சினை என்றால் முதலில் போயிருக்க வேண்டியவை அவை. ரிஷியேயின் சுரூபம் போனதற்குக் காரணம் அது இருந்த இடம். அன்றைய வழிபாட்டு ஒழுங்கின்படி திருப்பலி நடக்கும் பீடத்தின் மேல் பாடுபட்ட சுரூபம் இருந்தாக வேண்டும். குருவும் மக்களும் அதைப் பார்த்தே செபிப்பார்கள். சுவரிலுள்ளதைக் கலை என்று பொறுத்துக்கொள்ளலாம், பீடத்தின் மேலுள்ளதைப் பொறுக்க முடியாது என்பது எதிர்த்தவர்களின் நிலை. தன் உடல் நாளுக்கு நாள் தேய்வதைக் கண்ணாடியில் பார்க்கிற ஒருவருக்கு இந்த உருவம் அந்நியமில்லை என்பது ஆதரித்தவர்களின் வாதம். இரு தரப்பும் அதை வழிபாட்டுப் பொருளாகவே எடைபோட்டன. அருங்காட்சியகத்தில் இப்படி ஒரு சண்டை எழாது. ஆன்ஜேயில் கூச்சலிட்டவர்கள் அஸ்ஸியின் பங்கு மக்கள் அல்லர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

ரோம் 1952 ஜூன் 30 அன்று புனிதக் கலை பற்றிய கண்டிப்பான அறிவுறுத்தலை வெளியிட்டது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. 1951இல் வான்சில் மத்தீஸின் சிற்றாலயமும், ஒதான்கூரில் நொவாரினா கட்டி லெஜே கண்ணாடி அமைத்த ஆலயமும் திறக்கப்பட்டன. 1955இல் லெ கோர்புசியேயின் ரோன்ஷாம் சிற்றாலயம். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு, எந்தக் கலைப் பாணியையும் சபை தனக்கே உரியதென்று கொள்ளவில்லை என்று அறிவித்தது. அஸ்ஸியிலும் வேலை நிற்கவில்லை. யூதரான லிப்ஷிட்ஸ், தம் முன்னோரின் மறையில் நிலைத்திருந்தபடியே இதைச் செய்ததாகப் பொறித்து, மாதா சுரூபம் ஒன்றைத் தந்தார். இன்னொரு யூதரான ஷகால், திருமுழுக்கு இடத்துக்குச் செங்கடல் கடந்த காட்சியைப் பீங்கான் ஓடுகளில் தீட்டினார்.

ஆனால் பங்கு மாறிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் 1940களின் நடுவில் வந்தது. அதன்பின் வந்த மருந்துகளும் சேர்ந்து சானடோரியங்களுக்கு வேலையில்லாமல் செய்தன. ஆலயம் கட்டி முடிக்கப்பட்டு அர்ச்சிக்கப்பட்ட ஆண்டுகளே அதன் முதல் சபை கலையத் தொடங்கிய ஆண்டுகள். அருங்காட்சியகம் என்ற பெயர் நிலைத்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்: நோயாளிகள் போனபின் வந்து பார்த்தவர்களுக்கு ஓவியங்கள் மட்டும் தெரிந்தன. 1970 ஏப்ரல் 16 அன்று ரொக்-தே-ஃபீ சானடோரியத்தின் மீது மலை சரிந்து 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சிகிச்சைக்கு வந்த குழந்தைகள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ரிஷியேயின் சுரூபம் பலிபீடத்துக்குத் திரும்பியிருந்தது. இன்றும் அது அங்கேயே இருக்கிறது. அதன் முன் திருப்பலி நடக்கிறது.