கட்டு ஊருடையது, துருசு அரசாங்கத்துடையது

  கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

2025 ஜூலையில் அரசாங்கம் 'பிரஜா சக்தி' என்ற வேலைத்திட்டத்தை ஆரம்பித்தது. அதன் கீழ் கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் சமூக அபிவிருத்தி சபைகள் அமைக்கப்படுகின்றன. இதைப் பற்றி ஊரில் மூன்று விதமாகக் கேட்கிறார்கள். "இதில சேர்ந்தா என்ன கிடைக்கும்?" "இது அவங்கட ஆக்களுக்குத்தானே?" "கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, மரண உதவிச் சங்கம் எல்லாம் இருக்கேக்குள்ள இது எதுக்கு?"

நான் அரசியல் பேச வரவில்லை. வரலாறு படிப்பிக்கிறவன். அந்த மூன்றாவது கேள்விக்கு வயது கிட்டத்தட்ட இருநூறு. அதன் கதையைத் தெரிந்துகொண்டு கூட்டத்துக்குப் போனால் நமக்கு நல்லது.

நமது ஊரிலிருந்தே ஆரம்பிப்போம். 15ஆம் நூற்றாண்டில் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு முன்னேஸ்வரம் கோயிலுக்குக் காணி கொடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 1578இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். 1753இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் அது மீண்டும் எழுந்தது. அந்தக் காலத்தில் அரசன் ஊருக்கு உதவிய விதம் இதுதான். பணம் அனுப்ப மாட்டான், காணியைக் கொடுப்பான். அந்தக் காணியில் இருக்கிறவர்கள் அதற்கு ஈடாக ஊழியம் செய்ய வேண்டும். இந்த ஊழிய முறைக்குத்தான் இராஜகாரியம் என்று பெயர். தரம் 10, 11 பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

குளக்கட்டை வருடாவருடம் திருத்தியதும் இப்படிப்பட்ட கட்டாய ஊழியத்தால்தான். தெதுறு ஓயாப் படுகையிலும் அதற்கு வடக்கே உலர்வலயம் முழுக்கவும் பரந்து கிடக்கும் சிறு குளங்கள் அப்படித்தான் உயிரோடு இருந்தன.

1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி பிரித்தானியர் அரசுக்கான இராஜகாரியத்தை ஒழித்தார்கள். "மக்களுக்கு விடுதலை கிடைத்தது" என்று பரீட்சைக்கு எழுதுகிறோம். அது உண்மைதான். ஆனால் கட்டாயத்தை நீக்கியவர்கள், குளக்கட்டை இனி யார் திருத்துவது என்பதற்கு வழி வைக்கவில்லை. ஒருவர் மண் போட வராவிட்டால் மற்றவரும் வரமாட்டார். வராதவரைக் கேட்க ஊரில் ஆளில்லை. கட்டு உடைந்தது, வயல் பற்றையானது.

அரசாங்கம் இதைப் புரிந்துகொள்ள இருபது வருடத்துக்கு மேல் சென்றது. 1856இல் ஆளுநர் ஹென்றி வார்ட் ஒரு நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்தார். அது புதுச் சங்கம் எதையும் ஊரின் தலையில் கட்டவில்லை. ஒரு பகுதியின் வயற்காரரைக் கூட்டி, உங்களுடைய பழைய வழமை என்ன, எந்த நாளில் தண்ணீர் திறப்பீர்கள், யார் எவ்வளவு வேலி அடைக்க வேண்டும் என்று கேட்டது. பெரும்பாலானோர் சம்மதித்த வழமையை எழுதி வைத்து அதற்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. 1871இல் வந்த கிராமச் சமூகச் சட்டம் ஊர்க் குழுக்களையும் ஊர் மன்றுகளையும் மீண்டும் நிறுவியது.

அதற்கு அடுத்த கட்டம் அனுராதபுரம் பக்கம் நடந்தது. 1872 முதல் 1877 வரை ஆளுநராக இருந்த வில்லியம் கிரெகரி 1873இல் வடமத்திய மாகாணத்தை உருவாக்கினார். அங்குள்ள ஊர்க் குளங்களுக்கு அவர் காலத்தில் ஒரு ஒழுங்கு வந்தது. குளக்கட்டின் மண் வேலையை ஊரார் தங்கள் உழைப்பால் செய்து முடிக்க வேண்டும். முடித்தால் தண்ணீர் திறக்கும் துருசை அரசாங்கம் இலவசமாகப் போட்டுக் கொடுக்கும்.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மண் சுமக்க ஊராரால் முடியும், துருசு செய்ய முடியாது. துருசு செய்ய அரசாங்கத்தால் முடியும், ஆனால் வருடாவருடம் வந்து ஒவ்வொரு ஊர்க் கட்டிலும் மண் போட முடியாது. ஆளுக்கு முடிந்ததை ஆள் செய்கிறார்கள். ஊர் தன் பங்கைச் செய்தபிறகுதான் அரசின் பங்கு வருகிறது. 'ஒருங்கிணைப்பு' என்று இன்று நாம் பெரிய சொல்லாகச் சொல்வதன் சாரம் அந்த ஒரு துருசில் இருக்கிறது.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. தண்ணீரைப் பங்கிட்ட வெல்விதானை பெரும்பாலும் காணி பலம் உள்ளவர். விளைச்சலில் அவருக்கும் ஒரு பங்கு போகும். அந்தக் கூட்டங்களில் அந்தே குத்தகைக்கு வயல் செய்த ஏழைக்குக் குரல் இல்லை, பெண்களுக்கு அறவே இல்லை. ஊரின் கையில் கொடுத்தால் எல்லாம் நீதியாக நடக்கும் என்று நினைப்பதும் தவறு. ஊருக்குள்ளேயே பெரியவர் சிறியவர் உண்டு.

அந்த அநீதியைத் திருத்தத்தான் 1958இல் பிலிப் குணவர்தன நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். குத்தகைக்காரருக்குப் பாதுகாப்பு கிடைத்தது, குத்தகைப் பங்குக்கு எல்லை போடப்பட்டது. வெல்விதானை முறை போய், பயிர் செய்கிறவர்கள் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழு வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த சட்டம். ஆனால் காணிக்காரர்கள் எதிர்த்தார்கள். சட்டத்தில் ஓட்டைகளும் இருந்தன. அடுத்த வருடமே பிலிப் அமைச்சரவையிலிருந்து விலகினார்.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 1958இல் குழு தெரிவுசெய்யப்பட்டது. 1973இல் புதுச் சட்டம், குழுக்கள் நியமனத்தால் வந்தன. 1979இல் கமநல சேவைகள் சட்டம் வந்தது, குழு போய் உத்தியோகத்தர் வந்தார். 1991இல் அதே சட்டத்தைத் திருத்திக் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தார்கள். 2000இல் கமநல அபிவிருத்திச் சட்டம் வந்தது. சுமார் நாற்பது வருடத்துக்குள் அதே குளம், அதே வயல், அதே மக்கள். 'ஊர் சார்பில் பேசுவது யார்' என்பது மட்டும் நான்கைந்து தடவை மாறியது. ஊராட்சியிலும் இதே கதைதான். பழைய கிராம சபைகளை 1981இல் கலைத்து மாவட்ட அபிவிருத்தி சபை கொண்டுவந்தார்கள். அதுவும் நிலைக்காமல் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரதேச சபைகள் வந்தன. உதவித் திட்டங்களும் அப்படித்தான். 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, பிறகு வேறு வேறு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சங்கம், தனித் தலைவர், தனிக் கூட்டப் புத்தகம்.

இதில் நாம் இழந்தது காசை மட்டுமல்ல. கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கத்தை இழந்தோம். ஒரு சங்கம் கணக்கு எழுதப் பழக, கோபப்பட்டவரைச் சமாதானப்படுத்தப் பழக, அடுத்த ஊர்க்காரரோடு பேசிப் பழகப் பல வருடம் எடுக்கும். அது பழகி முடிகிற நேரத்தில் அதைக் கலைத்துவிட்டால், அடுத்த தடவை கூப்பிடும்போது யார் வருவார்கள்? "இதில சேர்ந்தா என்ன கிடைக்கும்" என்று நமது ஆட்கள் கேட்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிக் கேட்கப் பழக்கியதே இந்த வரலாறுதான்.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. அம்பாறை மாவட்டத்தில் கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால். 1980ஆம் ஆண்டளவில் அது பாழடைந்து கிடந்தது. தலைமடைக்காரர் தண்ணீரை எடுத்துவிட, கடைமடை காயும். தலைமடையில் சிங்களவர், கடைமடையில் தமிழர். "இவங்கள ஒன்று சேர்க்க ஏலாது" என்பதுதான் அதிகாரிகளின் பொதுவான பேச்சு. கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 1981இல் படித்த இளைஞர் யுவதிகளை அந்த ஊர்களில் தங்க வைத்தது. அவர்கள் சங்கப் பதிவுப் படிவத்தோடு போகவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து முதலில் வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள். பிறகு முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். அதன் பிறகுதான் ஒரு பிரதிநிதியைக் கட்சி பார்க்காமல் எல்லோரும் இணங்கித் தெரிவு செய்தார்கள். வேலை முதலில், சங்கம் பிறகு.

அந்த வருடம் குளத்தில் தண்ணீர் மிகக் குறைவு. அப்படியிருந்தும் மேலே உள்ளவர்கள் தண்ணீரை மிச்சம்பிடித்துக் கீழே அனுப்பினார்கள். அதைவிட முக்கியமான இன்னொன்றும் நடந்தது. கமக்காரர் பிரதிநிதிகள் மாவட்ட விவசாயக் குழுவில் அதிகாரிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஊரின் முடிவு மேலே போனது, மேலேயுள்ள தகவல் ஊருக்கு வந்தது. 1988இல் அரசாங்கம் கமக்காரர் பங்கேற்கும் நீர் முகாமைத்துவத்தையே தேசியக் கொள்கையாக ஏற்றுக்கொண்டது.

அங்கும் ஒரு குறை இருந்தது. அந்த இளைஞர்களுக்கு நிரந்தர நியமனம் கொடுக்கவில்லை. ஆகவே பலர் வேறு நிரந்தரத் தொழில் கிடைத்ததும் போய்விட்டார்கள். அநேகமானோருக்குக் கிடைத்தது ஆசிரியர் நியமனம்! எங்கள் தொழிலுக்கு அது இலாபம், கமக்காரருக்கு நட்டம். ஊரைச் சேர்த்து வைப்பதும் ஒரு தொழில், அதற்கும் சம்பளம் வேண்டும் என்பதை அரசாங்கங்கள் இலேசில் ஒத்துக்கொள்வதில்லை.

இப்போது நமது புத்தளம் மாவட்டத்துக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கும் கல்பிட்டிக்கும். முதலில் கதவைத் திறந்தது இங்குள்ள வீடுகளும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும்தான். ஆனால் எத்தனை நாளைக்கு ஊர் தாங்கும்? கிணறு ஒன்று, குடிப்பவர் இரட்டிப்பு. பாடசாலை ஒன்று, பிள்ளைகள் இரட்டிப்பு. உள்ளூர் மக்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையில் மனக்கசப்பு வந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. தனியொரு ஊரால் தூக்க முடியாத பாரம் அது.

2007இல் உலக வங்கியின் 32 மில்லியன் டொலர் உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் ஆரம்பமானது. குத்தகைக்காரர் வந்து வீடு கட்டிக் கொடுக்கும் முறை அல்ல அது. பணம் கட்டம் கட்டமாகக் குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்தக் கட்டத்து வேலையை முடித்தால்தான் அடுத்த பணம். குடும்பமே நின்று கட்டியது. குடிநீர், மலசலகூட வசதிகளில் இடம்பெயராத அயலவரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிரெகரி காலத்துத் துருசு ஒழுங்குதான், நூற்று முப்பது வருடம் கழித்து வேறு உருவத்தில். பதினேழு வருடம் பிந்தி வந்தது என்பதுதான் கவலை.

சரி, நமது சபைக்கு வருவோம்.

இன்று ஒரு சிறு குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதைவிடப் பெரியது என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம் அல்லது மாகாண சபை. கட்டுக்குப் போகும் ஊர்ப் பாதை பிரதேச சபை. கரையிலுள்ள அரச காணி பிரதேச செயலகம். ஒரு ஏழைக் கமக்காரர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இத்தனை வாசலுக்கும் ஏற வேண்டும். புதிய சபை இந்த நடையைக் குறைத்தால் அது பெரிய உதவி. இன்னுமொரு வாசலாக ஆனால் அது பாரம்.

ஆகவே கூட்டத்துக்குப் போகிறவர்கள் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: ஏற்கனவே இயங்குகிற சங்கங்களுக்கு இந்தச் சபையில் இடம் உண்டா? அவர்கள் எடுத்த தீர்மானங்களைச் சபை ஏற்றுக்கொண்டு மேலே கொண்டுபோகுமா? அல்லது எல்லாம் புதிதாக ஆரம்பமா?

இரண்டு: சபையில் இருப்பவர்கள் தெரிவா, நியமனமா? 1958க்கும் 1973க்கும் இடையில் நடந்ததை ஞாபகம் வையுங்கள்.

மூன்று: ஊரின் திட்டம் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்குப் போனபிறகு என்ன ஆனது என்று ஊருக்குத் திரும்பி வந்து சொல்வது யார்? எத்தனை நாளைக்குள்?

நான்கு: குத்தகைக்கு வயல் செய்கிறவர், கூலிக்குத் தேங்காய் உரிக்கிறவர், கடலுக்குப் போகிறவர், குடும்பத் தலைவியாக இருக்கும் பெண் ஆகியோர் வரக்கூடிய நேரத்திலா கூட்டம் வைக்கிறார்கள்?

நமது முஸ்லிம் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பள்ளிவாசலில் மஷூரா செய்வதில் நாம் கெட்டிக்காரர். பொதுக் கூட்டத்துக்குப் போவதில் பின்தங்குகிறோம். போகாமல் இருந்துவிட்டு "எங்களைச் சேர்க்கவில்லை" என்று சொன்னால் எடுபடாது. சிங்கள, தமிழ் அயலவரோடு, கோயில் பக்கத்தாரும் பன்சலைப் பக்கத்தாரும் தேவாலயத்தாரும் இருக்கும் கூட்டத்தில், ஒரே கிணற்றையும் ஒரே பாதையையும் பற்றிப் பேசத்தான் இந்தச் சபை. வெள்ளம் வரும்போது தெதுறு ஓயா வீட்டுக்காரரின் மார்க்கம் கேட்டு வருவதில்லை.

துருசு கொழும்பிலிருந்து வரலாம், வராமலும் போகலாம். வந்தால் பொருத்துவதற்குக் கட்டு இருக்க வேண்டும். அந்தக் கட்டை நாம்தான் போட வேண்டும். உங்கள் பிரிவில் கூட்டம் எந்த நாள் என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு அயல் வீட்டுக்கும் சொல்லுங்கள். பழைய சங்கத்தின் கூட்டப் புத்தகம் யாருடைய வீட்டு அலுமாரியிலாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் ஊர் முன்னர் என்ன கேட்டது, என்ன செய்து முடித்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

அல்லாஹ் நமது ஊருக்கும் அயலுக்கும் பரகத் செய்வானாக.