கடிகாரக்காரரின் ஸ்பிரிங்கும் நெருப்பின் நிறமும்



வீட்டிலேயே கம்பியைச் சுற்றிச் சின்ன ஸ்பிரிங் செய்யும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். நல்ல ஆர்வம்தான். ஆனால் கைபேசியில் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, கம்பியைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போடுகிறார்கள். அது தேவைதானா என்பதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்பிரிங்கால் ஓடும் கடிகாரங்கள் ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. 1675இல் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ், சட்டைப்பைக் கடிகாரத்துக்கு மெல்லிய சுருள் ஸ்பிரிங்கைப் பொருத்திக் காட்டினார். இழுவிசை எவ்வளவோ நீட்சியும் அவ்வளவு என்ற ஹூக்கின் விதியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ராபர்ட் ஹூக் அதை விளக்கி வெளியிட்டது 1678இல். விதி தெரிந்துவிட்டது. ஆனால் ஒடியாத ஸ்பிரிங்தான் கிடைக்கவில்லை.

காரணம் எஃகு. அக்காலத்தில் இரும்புப் பாளங்களைக் கரித்தூளுக்குள் புதைத்து நாள்கணக்கில் சூடாக்குவார்கள். கரி வெளிப்புறத்தில் அதிகமாக ஏறும், உள்ளே குறைவாக ஏறும். ஒரே துண்டில் ஓரிடம் கடினம், ஓரிடம் மென்மை. அதில் செய்த ஸ்பிரிங் ஒன்று ஒடியும், இல்லையென்றால் தளர்ந்துபோகும்.

இதைப் பொறுக்காதவர் இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் (1704–1776). ஷெஃபீல்டுக்கு அருகே குடியேறி, 1740களில் களிமண் மூசையில் எஃகை வைத்து, கல்கரி நெருப்பில் முழுவதும் உருக்கினார். சுமார் 1600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். உருகிக் கலந்ததும் கரி எங்கும் சீராகப் பரவியது. ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் முதலில் அதை வாங்க மறுத்தார்கள். அடித்து வடிக்கக் கடினமாக இருக்கிறதாம்! பிரான்ஸ் நாட்டினர் வாங்கினார்கள். பிறகுதான் சொந்த ஊர்க்காரர்களுக்கும் கண் திறந்தது.

மூசையில் எஃகு செய்வது நமக்குப் புதிதல்ல. தென்னிந்தியாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அப்படிச் செய்தார்கள். 'ஊட்ஸ்' என்று ஐரோப்பியர் அழைத்த நம் எஃகை, லண்டன் ராயல் சொசைட்டியில் 1795இல் ஜார்ஜ் பியர்சன் ஆராய்ந்து எழுதினார். பின்னர் மைக்கேல் ஃபாரடேயும் அதை ஆராய்ந்தார்.

நல்ல எஃகு கிடைத்தாலும் வேலை பாதிதான். மீதிப் பாதி பதம். அதில் இரண்டு படி உண்டு. முதலில் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்விப்பது. அப்போது எஃகு மிகக் கடினமாகிறது. ஆனால் கண்ணாடி போல நொறுங்கும். அடுத்தது, மறுபடி இளஞ்சூடு கொடுத்து அந்த முறுக்கைத் தணிப்பது. வெப்பமானி இல்லாத காலத்தில் நிறத்தைப் பார்த்தே கணக்கிட்டார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகு, சுமார் 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சளாகும், 280இல் ஊதாவாகும், 300ஐ நெருங்கும்போது நீலமாகும். ஸ்பிரிங்குக்கு நீலமே பதம். பழைய கடிகார ஸ்பிரிங்குகள் நீலமாக இருப்பது அழகுக்காக மட்டுமல்ல என்பது இப்போது புரிகிறதா? சூடு சீராகப் படியட்டும் என்று பித்தளைத் தூளைத் தட்டில் பரப்பி, அதன்மேல் வைத்துச் சூடாக்குவார்கள். அவ்வளவு பொறுமை வேண்டும்.

அடுத்த திருப்பம் 1854இல். பர்மிங்காமைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால், எஃகுக் கம்பிக்கு வெப்பப் பதம் கொடுக்கும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வளர்ந்ததுதான் இன்றைய பியானோ கம்பி. தொழிற்சாலையிலேயே பதமாக்கி, சிறு துளைகள் வழியே இழுத்து இழுத்து வலுவேற்றிய கம்பி அது. 1866இல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கேபிளுக்குக் கவசமானதும் ஹார்ஸ்ஃபாலின் கம்பிதான்.

நம் பிள்ளைகளுக்கு வேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது. பியானோ கம்பியில் ஸ்பிரிங் சுற்றினால் அதைச் சிவக்கக் காய்ச்சவே கூடாது. காய்ச்சினால் தொழிற்சாலை ஏற்றிய வலு போய்விடும். சுற்றிய பின், சுமார் 230 டிகிரியில் அரைமணி நேரம் மின் அடுப்பில் வைத்து, தானாக ஆறவிட்டால் போதும். சுற்றும்போது உள்ளே தங்கிய இறுக்கம் நீங்கி, ஸ்பிரிங் தன் வடிவத்தைக் காக்கும். சமையலுக்குப் பயன்படுத்தாத அடுப்பாக இருக்கட்டும். கம்பியிலுள்ள எண்ணெயை முன்பே துடைத்துவிடுங்கள்.

சிவக்கக் காய்ச்சும் வேலை பட்டறைக்கு உரியது. அதில் உள்ள ஆபத்துகளை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

துத்தநாகப் பூச்சுள்ள கம்பியைக் காய்ச்சினால் வரும் புகை காய்ச்சலையும் மூச்சுத் தொல்லையையும் தரும்.

சிவந்த இரும்பு பட்டால் எண்ணெய் தீப்பற்றலாம். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலோக மூடியால் மூடி அணைக்க வேண்டும்.

கடினமாக்கி, இன்னும் பதம் தணிக்காத ஸ்பிரிங்கை வளைத்துப் பார்க்காதீர்கள். தெறித்துக் கண்ணில் பாயும். பதம் போட்ட ஸ்பிரிங்கும் கைநழுவினால் துள்ளும். ஆகவே கம்பியைக் கையில் எடுக்கும்போதே பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். சூட்டருகே நைலான் உடை வேண்டாம், பருத்தி உடையே நல்லது.

ஹன்ட்ஸ்மனுக்குக் கடையில் நல்ல கம்பி கிடைக்கவில்லை, அதனால் நெருப்போடு போராடினார். நமக்கு அந்தக் கம்பி கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளின் ஆர்வத்தைத் தடுக்காதீர்கள். சரியான கம்பியை வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் அமர்ந்துகொள்ளுங்கள்.

பட்டறை வேலை தெரிந்த மாணவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும்.