மிதி, பிடி, விடு

எங்கள் வீட்டு அம்பாஸிடருக்கு என் தகப்பனாரே வைத்தியர். ஞாயிற்றுக்கிழமை காபி ஆனதும் காரை ஜாக்கியில் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே தலையை நுழைத்துக்கொள்வார். பத்து வயதுப் பையனான நான் டிரைவர் ஆசனத்தின் விளிம்பில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே தள்ளி உட்கார்ந்தால் கால் எட்டாது.

"மிதி!" என்பார். மிதிப்பேன். "பிடி!" என்பார். அழுத்தியபடியே இருப்பேன். அவர் ஒரு சிறிய திருகைத் தளர்த்துவார். ரப்பர்க் குழாய் வழியே எண்ணெயும் குமிழியும் கண்ணாடிப் புட்டியில் இறங்கும். திருகை இறுக்கிய பிறகுதான் "விடு!" என்ற உத்தரவு வரும்.

ஒரு தரம் தெருவில் ஐஸ் வண்டியின் மணி கேட்டது. 'பிடி'க்கும் 'விடு'வுக்கும் நடுவில் காலை எடுத்துவிட்டேன். "காத்தை உறிஞ்சிட்டுதுடா, போச்சு!" என்று சக்கரத்தின் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. அன்று சாப்பாடு மூன்று மணிக்கு.

சங்கதி இதுதான். எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். குழாயில் எண்ணெய் மட்டும் இருந்தால் காலின் பலம் சக்கரம்வரை போகும். காற்று புகுந்தால் மிதி பஞ்சு மாதிரி இறங்கிப் போகும், வண்டி நிற்காது. பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் 17-ஆம் நூற்றாண்டிலேயே கண்ட தத்துவம் இது. ஆரம்ப காலத்துப் பிரேக் ஆயில், விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த கலவை என்றால் என் பாட்டி நம்பியிருக்க மாட்டாள். அதற்குப் பதிலாகக் கைக்கு அகப்பட்ட எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிப் போய்விடும்.

வீட்டு வைத்தியம் இன்னும் பழையது. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு கம்பெனி ஒன்றரைக் கோடி 'மாடல் டி' கார்களைச் செய்து தள்ளியது. அதன் கால் பிரேக் சக்கரத்தில் கிடையாது. கியர்ப் பெட்டிக்குள் சுழலும் டிரம்மை, பருத்தி நாடா பதித்த ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். நாடா தேய்ந்தால் அமெரிக்கக் குடியானவர் மூடியைத் திறந்து தாமே மாற்றிக்கொள்வார். திறந்ததும் முதல் வேலை, சுற்றிலும் பழந்துணி திணிப்பது. ஒரு நட்டு நழுவி உள்ளே விழுந்துவிட்டால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே போய்விடும்! வழியில் பிரேக் கைவிட்டால் பின்னோக்கிப் போவதற்கான மிதியை மிதித்து நிறுத்தினார்கள்.

மால்கம் லாக்ஹீட் என்பவர் எண்ணெய்ப் பிரேக்குக்கு 1917-இல் காப்புரிமை பெற்றார். விமானங்களுக்குப் பெயர் கொடுத்த அதே குடும்பம். 1921-இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் அதைப் பூட்டிக்கொண்டு வந்தது. ஃபோர்டு மட்டும் அசையவில்லை. எஃகுக் கம்பியை நம்பலாம், குழாயில் ஓடும் திரவத்தை எப்படி நம்புவது என்பது அவர்கள் கட்சி. 1939 மாடலில்தான் மனம் மாறினார்கள். பிடிவாதம் என்று சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஐஸ் வண்டி மணி நினைவுக்கு வருகிறது.

சக்கரத்தைப் பிடிக்கும் லைனிங்குக்கு வேறொரு கதை. இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைச்சரிவில் இறங்கும் வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸைக் கட்டியிருப்பதை ஹெர்பர்ட் ஃப்ரூட் பார்த்தார். 1897-இல் அதைவிட நல்லதாக ஒன்று செய்யத் தொடங்கினார்; அதுதான் பின்னால் ஃபெரோடோ ஆயிற்று. பருத்தி சூடு தாங்காமல் போகவே கல்நார் வந்தது.

கல்நார் நெருப்பைத் தாங்கும். அதன் தூசியை நுரையீரல் தாங்காது. மெரிவெதர், பிரைஸ் என்ற இரண்டு தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் 1930-லேயே பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு இதை எழுதிக் கொடுத்தார்கள். 1931-இல் ஆலைகளுக்குச் சட்டமும் வந்தது. வீட்டு வாசலில் குந்தியிருப்பவருக்கு யார் சட்டம் போடுவது? என் தகப்பனார் டிரம்மைக் கழற்றியதும் அதில் படிந்த கறுப்புத் தூசியை வாயால் 'ஃபூ' என்று ஊதுவார். நானும் பக்கத்தில் நின்று ஊதியிருக்கிறேன். பிரிட்டனில் கல்நாரை முற்றிலும் தடை செய்தது 1999-இல். ஒரு பைசாவுக்கும் கணக்கு எழுதும் மனிதர் அவர். யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்திருப்பார்.

பின்புற ஸ்பிரிங் பட்டைகளைக் கழுவி எண்ணெய் போடுவதும் அதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கும். அதில் அவருக்குக் கவலையே இல்லை. ஒரு பட்டை முறிந்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும், ஆடி அசைந்தாவது வீடு வந்து சேரும். பிரேக் முடிந்த நாளில் மட்டும் முகம் வேறாக இருக்கும். கையைக்கூடக் கழுவமாட்டார். "யாரும் ஏறாதீங்கோ" என்று சொல்லிவிட்டுத் தனியாகத் தெருக்கோடிவரை ஓட்டிப் போவார். இரண்டு முறை சிவப்பு விளக்கு எரிந்து அணைவது தெரியும். வண்டி திரும்பி வரும்வரை அம்மா ஈரக் கையோடு வாசற்படியிலேயே நின்றுகொண்டிருப்பாள்.