வெள்ளோட்டம் விடாத கேள்வித்தாள்

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் 'திக்தே' என்றாலே வயிற்றைக் கலக்கும். வாத்தியார் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுதவேண்டும். ஐந்து பிழை வந்தால் சைபர். ஆனால் எங்கள் முசியே ஒரு காரியம் செய்வார். கீழ் வகுப்புக்குக் கொடுக்கப் போகும் பகுதியை, எங்களில் நாலைந்து பேரைச் சாயங்காலம் நிறுத்திவைத்து முதலில் எங்களுக்கு வாசிப்பார். மார்க் கிடையாது, ஆளுக்கு ஒரு பொம்போன் உண்டு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் நாங்களே எல்லோரும் ஒரு சொல்லில் தடுக்கி விழுந்திருந்தால் அந்த வரியை அடித்துவிடுவார். மிட்டாய்க்காக நான் தவறாமல் நின்றேன்.

திருவிழாவுக்கு முன்னால் புதுத் தேரை இழுத்துப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். கேள்வித்தாளுக்கும் அது உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் ஆசிரியர்களுக்கான தேசியத் தேர்வு என்று ஒன்று 1940-இல் தொடங்கியது. பென் வுட் என்பவர் அதில் முன்னின்றார். பின்னாளில் அங்கே பல மாநிலங்களில், பரீட்சை தேறினால்தான் பள்ளியில் பாடம் நடத்த உரிமம் என்றாயிற்று. ஒருவருடைய பிழைப்பே அதில் தொங்குவதால், புதுக் கேள்விகளை முதலில் சிலரிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் வேலையில் இருக்கும் ஆசிரியர்களும் தாமாக முன்வந்து எழுதிக் கொடுப்பார்கள்.

நூறு பேரில் எத்தனை பேர் சரியாகப் போட்டார்கள் என்று பார்ப்பது முதல் கணக்கு. அடுத்ததுதான் ருசியானது. மொத்தத் தாளையும் நன்றாக எழுதியவர்கள் ஒரு கேள்வியில் மட்டும் தவறி, மட்டமாக எழுதியவர்கள் அதையே சரியாகப் போட்டிருந்தால், கோளாறு பெரும்பாலும் கேள்வியில்தான். அதைத் தூக்கிவிடவேண்டும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. தோற்றால் நஷ்டமில்லை என்றால் மனிதன் ஏனோதானோ என்றுதான் எழுதுவான். எங்களுக்காவது மிட்டாய் இருந்தது! அதனால்தான் பிராக்ஸிஸ் போன்ற தேர்வுகளில், மதிப்பெண் இல்லாத சில கேள்விகளை உண்மையான தாளுக்குள்ளேயே கலந்து வைக்கிறார்கள். எது அந்தக் கேள்வி என்று எழுதுகிறவருக்குத் தெரியாது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1993-இல் வந்த சட்டப்படி அங்கே ஆசிரியர் தேர்வு வைக்கவேண்டும். வருடங்கள் ஓடி, 1998-இல் அவசர அவசரமாக ஏற்பாடு நடந்தது. ஆரம்பத் தேர்வுகளில் எழுதினாலே போதும், தேறாவிட்டாலும் உரிமத்துக்குத் தடையில்லை என்று முதலில் அறிவித்தார்கள். அதாவது வெள்ளோட்டம் மாதிரி. தேர்வு நெருங்கிய நேரத்தில், இல்லை, இதிலேயே தேறவேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 4-ஆம் தேதி சுமார் 1,800 பேர் எழுதினார்கள். அந்தத் தாளில் திக்தேயும் இருந்ததைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு ஆதரவாக 1787, 88-இல் எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளிலிருந்து ஒரு பகுதியை ஒலிநாடாவில் போட, பட்டதாரிகள் கேட்டு எழுதவேண்டும். இருநூறு வருஷத்துப் பழைய நடை. நாங்கள் சிறுவயது முதல் அதிலேயே ஊறியவர்கள். அவர்களுக்குப் பழக்கம் ஏது?

நூற்றுக்கு 59 பேர் தேறவில்லை. நாடு முழுவதும் பத்திரிகைகளில் சிரிப்பாய்ச் சிரித்தது. மாநிலச் சட்டசபையின் சபாநாயகர் தாமஸ் ஃபின்னரன், தேறாதவர்களை முட்டாள்கள் என்றே சொல்லிவிட்டார். ஜூன் மாதம் கல்வி வாரியம் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்தது, தோற்றவர்கள் 44 சதவீதமானார்கள். கூச்சல் எழுந்ததும் ஜூலை முதல் தேதி பழைய கோட்டுக்கே திரும்பியது. இடைக்காலக் கல்வி ஆணையர் ராஜினாமா செய்தார். மே மாதம் கிடைக்கும் என்று நினைத்த வேலை போயிற்றே என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவனின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நாற்பது வருஷம் ஃபைல் பார்த்த எனக்கு, வாரத்துக்கு ஒரு திருத்த உத்தரவு வந்தால் கவுண்டருக்கு அந்தப்பக்கம் நிற்பவர் படும் பாடு தெரியும்.

பிறகு வால்ட் ஹேனி என்ற பாஸ்டன் கல்லூரிப் பேராசிரியரும் சிலரும் சேர்ந்து, ஏப்ரலிலும் ஜூலையிலும் இரண்டு தடவை எழுதியவர்களின் மதிப்பெண்களை எடுத்து ஒப்பிட்டார்கள். அதே ஆள், மூன்றே மாத இடைவெளி, ஆனால் மதிப்பெண்கள் தாறுமாறாக ஏறி இறங்கியிருந்தன. அவர்களுடைய அறிக்கை 1999 பிப்ரவரியில் வெளிவந்தது. முட்டாள்கள் என்ற சொல் பத்திரிகையில் வந்த அளவுக்கு அது வரவில்லை.

நம் பக்கத்துக் கதையும் உங்களுக்கு நினைவிருக்கும். 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம், கேள்விக்கு 36 வினாடிதான் வரும். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதியதில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அக்டோபரில் மறுபடி வைத்தபோது மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். அந்த 36 வினாடி போதாது என்று கண்டுபிடிக்க, ஏதாவது ஒரு பயிற்சிக் கல்லூரியில் ஐம்பது பேரை ஒரு சாயங்காலம் உட்காரவைத்திருந்தால் தீர்ந்தது. ஆளுக்கு ஒரு பொம்போன்தான் செலவு.